விழுவதற்கு ஒரு பிள்ளை

எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாது. குதிரையிலிருந்து விழத் தெரியும். வலப்பக்கம், இடப்பக்கம், கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்பக்கம், வால் வழியாகப் பின்பக்கம் என்று எந்தத் திசையில் கேட்டாலும் விழுந்து காட்டுவேன். ஒன்பது வயதில், ஓகஸ்ட் விடுமுறையில், பதினைந்து நாள் பழகிய வித்தை இது. பழக வைத்தவர் என் அப்பா. மற்ற பிள்ளைகளின் அப்பாமார் பிள்ளை விழாமல் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்தவர் விழு, விழு என்று உயிரை வாங்கினார்.

தெஹியோவிட்டவுக்கு மேலே மலைச்சரிவில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டத்தின் உச்சியில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பழைய பங்களா. கொழும்பிலிருந்து வந்த ஒரு முதலாளி அதை எடுத்து, வெள்ளையடித்து, விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். நாங்கள் எல்லோரும் அவரை மாத்தயா என்போம். வருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அவர் நுவரெலியாவிலிருந்து ஒரு மட்டக்குதிரையை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதன் பெயர் பிரின்ஸ். அது பெட்டைக் குதிரை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, பிரின்ஸ் உட்பட.

அப்பா அப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்த வருடம் அவருக்கும் கங்காணிக்கும் தினமும் தகராறு. பட்டையை மெல்லிசாகத்தான் சீவ வேண்டும், கத்தி ஆழமாகப் போனால் உள்ளே மரம் காயப்பட்டுவிடும். அப்பாவின் மரங்கள் எல்லாம் காயமாக இருந்தன. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "கண்ண எங்க வச்சிக்கிட்டு வெட்டுற?" என்று கங்காணி கேட்டாராம். இதை என் காதில் போட்டது பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள். எனக்கு மானம் போயிற்று. மற்றவர்களுடைய அப்பாமார் எல்லாம் ஒழுங்காக வெட்டும்போது நம் அப்பாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று வீட்டில் போய்க் கேட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாத முடிவோடு வெட்டுக்கு வர வேண்டாம் என்று கங்காணி கடைசியாகச் சொல்லிவிட்டார். அதே வாரம்தான் பிரின்ஸ் வந்து இறங்கியது. அதுவரை ஒரு குதிரையின் வாலைக்கூடத் தொட்டிராத அப்பா, பங்களாவுக்குப் போய்க் குதிரை வேலையைக் கேட்டார். வேலை என்னவென்றால் முதன்முதலாகக் குதிரை ஏறுகிற சின்னப் பிள்ளைகளை ஏற்றி, பிடித்துக்கொண்டு, கூடவே நடந்து, பயம் தெளிய வைத்து, முழுசாக இறக்கிவிடுவது. மாத்தயா யோசித்தார். பதினைந்து நாள் கழித்துத் தன் பேரன் வருகிறான், அவனை முதலில் ஏற்றிப் பார்க்கலாம், பேரனின் தாய்க்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நுவரெலியாவிலிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொள்வேன் என்றார். அதுவரை உன் பிள்ளை யாரையாவது வைத்துப் பழகு என்றும் சொன்னார்.

தம்பிக்கு மூன்று வயது. ஆகவே நான்.

எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குதிரை ஏறியவர் யார் இருக்கிறார்கள்? லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். தலைவாசல் தலைவாசலாகப் போய்ச் சொன்னேன். கோயில் முற்றத்தில், பூசை முடிந்து வெளியே வருகிறவர்களையும் விடவில்லை. என் மனதில் நான் ஏற்கனவே பங்களாவைச் சுற்றிப் பாய்ந்து கொண்டிருந்தேன்.

குதிரையைக் கொண்டுவந்த ஆள் இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். பங்களாவுக்குப் பக்கத்தில் துரைமார் பந்து விளையாடிய சதுரமான புல்தரை ஒன்று இருந்தது, அதுதான் ஓட்டும் இடம். ஆள் எப்போதும் குதிரைக்கு இடப்பக்கம் நடக்க வேண்டும், இடது கையில் கயிறு, வலது கை பிள்ளையின் கணுக்காலில். "கண்ணு குதிர மேல இருக்கக் கூடாது, புள்ள மேல இருக்கணும்," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தடவை கேட்ட எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்பாவுக்கு ஆகவில்லை. அந்த ஆள் லொறி ஏறிய மறுநாளே வலப்பக்கம் போய் நின்றுகொண்டார். பிரின்ஸ் காதைப் பின்னுக்கு மடித்து விலகி விலகிப் போயிற்று. "அப்பா, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்," என்று நான் மேலேயிருந்து கத்தினேன். "தெரியும், தெரியும்," என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் வலப்பக்கம். இப்படி மூன்று நாள் வீணாகப் போயிற்று. இருப்பதே பதினைந்து நாள். கடைசியில் பிரின்ஸ் அவருடைய காலை ஒரு மிதி மிதித்தது. அதன் பிறகுதான் வேறு வழியில்லாமல் இடப்பக்கம் வந்தார். வந்து நின்று என் கணுக்காலைப் பிடித்தார் பாருங்கள், பால் வாளியின் காதைப் பிடிக்கிற பிடி அது.

"இப்ப விழு பாப்பா," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எந்தப் பக்கம்ன்னு சொல்லாத. எப்பன்னும் சொல்லாத. நடந்துக்கிட்டு இருக்கும்போதே விழு. நான் புடிக்கிறேன்."

முதல் தடவை வலப்பக்கம் சாய்ந்தேன். அவர் பிடிக்கவில்லை. சேணத்திலிருந்து வழுக்கிப் போய்ப் புல்லில் விழுந்தேன். இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை முழங்கை போய்க் கல்லில் அடித்து இரத்தம் வந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. நான் அழுதேன். அப்பா காயத்தை ஊதிவிட்டு, வேப்பெண்ணெய் போடலாம் என்று சொல்லிவிட்டு, என்னைத் தூக்கி மறுபடியும் மேலே உட்கார வைத்தார். எனக்கு அவர் மேல் அப்போது வந்த எரிச்சல் சாதாரணமானது இல்லை. பார்த்துக்கொண்டே நடக்கிற மனுசனுக்கு, பக்கத்தில் பிள்ளை சாய்வது தெரியாதா?

அதைவிடப் பெரிய எரிச்சல் வேறொன்று. நாலைந்து நாளில் எனக்குக் குதிரை பழகிவிட்டது. முதுகை நிமிர்த்தி, குதிகாலைக் கீழே அழுத்தி, பிரின்சின் நடைக்குச் சரியாக உட்கார எனக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நான் நிமிர்ந்தால் கோணலாக உட்காரச் சொல்வார். கடிவாளத்தைச் சரியாகப் பிடித்தால், கொழும்புப் பிள்ளை அப்படிப் பிடிக்காது, விட்டுவிடு என்பார். பயந்த பிள்ளை மாதிரி இரு, அடம் பிடிக்கிற பிள்ளை மாதிரி இரு, தூங்கிவழிகிற பிள்ளை மாதிரி இரு. ஓட்டத் தெரிந்த பிள்ளை மாதிரி மட்டும் இருக்கக் கூடாது.

"என்னைய ஒரு சுத்து தனியா விடுங்க அப்பா. ஒரே ஒரு சுத்து," என்று கெஞ்சினேன்.

"வேல கெடைக்கட்டும், விடுறேன்," என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு இருக்கிறது. இரண்டாவது வாரத்தில், இவரைப் பழிவாங்குவது என்று முடிவு கட்டினேன். விழத்தானே சொல்கிறார், விழுகிறேன். அவர் இருமும்போது விழுந்தேன். அட்டை கடித்துக் காலைச் சொறியக் குனியும்போது விழுந்தேன். யாராவது தூரத்திலிருந்து அவரைக் கூப்பிட, அவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து விழுந்தேன். முழுப் பாரத்தையும் போட்டு, கையைக் கூட ஊன்றாமல், அவர் பிடிக்கத் தவறி என் எலும்பு ஒன்று உடைந்து, அம்மா அவரைத் திட்ட வேண்டும் என்றே விழுந்தேன். அவரோ ஒவ்வொரு தடவையும், "அப்படித்தான்! அப்படித்தான் பாப்பா!" என்று முகமெல்லாம் மலர்ந்தார். பழிவாங்கப்படுகிறவர் சந்தோசப்பட்டால் பழிவாங்குகிறவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

மெல்ல மெல்ல அவர் பிடிக்கத் தொடங்கினார். நான் அந்தப் பக்கம் சாய்ந்தால் என் குதிகால் அவர் கையில் இலேசாகும், உடனே காலைக் கீழே இழுத்து, பாவாடை இடுப்பைப் பற்றிவிடுவார். இந்தப் பக்கம் சாய்ந்தால் கால் பாரமாகும், தோளைக் கொடுத்துவிடுவார். பத்துத் தடவைக்கு ஏழு, பிறகு ஒன்பது. ஒரு நாள் விழும் முன் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்து கொண்டிருந்தார். இரண்டு கண்ணையும்! பிள்ளை மேல் கண் இருக்க வேண்டும் என்று அத்தனை தடவை சொல்லிவிட்டுப் போனாரே குதிரையைக் கொண்டுவந்த அந்த மனுசன். கோபத்தில் விழுந்தேன். கண்ணைத் திறக்காமலே பிடித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கோள் சொன்னேன். "அம்மா, அப்பா தூங்கிக்கிட்டே நடக்குறாரு. இவருக்கு எங்க வேல கெடைக்கப் போகுது?" அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு, "நீ வாய மூடிக்கிட்டு நல்லா விழு," என்றாள். வீட்டில் இருந்த ஒரே ஒரு நியாயமான ஆளும் கைவிட்டதாக எனக்குத் தோன்றியது.

மாத்தயாவின் பேரன் சனிக்கிழமை வந்தான். ஆறு வயது, தலையில் ஹெல்மட், காலில் புதுச் சப்பாத்து. பிரின்சைப் பார்த்ததும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதான். என்னைப் பங்களாவின் சமையல் குசினிப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள், நான் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா அவனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பய வென்ன எபா புத்தே," என்று, பயப்பட வேண்டாம் மகனே என்று, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். ஒரு கரட் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, கையைத் தன் கையால் தாங்கி, பிரின்ஸ் அதை உதட்டால் எடுக்கும்வரை காத்திருந்தார். அவன் சிரித்தான். ஏறு என்று சொல்லவில்லை, அவனாக ஏறுகிறேன் என்று சொல்லும்வரை கழுத்தைத் தடவவிட்டார். ஏறியதும் பத்தடி நடந்து நிறுத்தினார். இறங்கணுமா, போவோமா என்று அவனிடமே கேட்டார். போவோம் என்றான். என்னிடம் இப்படி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இந்த மனுசன் கேட்டிருப்பாரா என்று எனக்கு வயிறு எரிந்தது.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் தாய் போனில் படம் பிடித்தாள். மூன்றாவது சுற்றில் விறாந்தையிலிருந்து மாத்தயா ஏதோ கேட்க, பதில் சொல்ல அப்பா இடப்பக்கமாக, அவரைப் பார்த்து முழு முகத்தையும் திருப்பினார்.

அது ரப்பர் காய் வெடிக்கும் காலம். காய்ந்த காய் மரத்திலேயே பட்டென்று வெடித்து, விதை தூரப் போய் விழும். எங்களுக்குப் பழகிய சத்தம், பிரின்சுக்கு மட்டும் பழகவே இல்லை. குதிரைக் கொட்டகையின் தகரக் கூரைக்கு மேலே ஒரு காய் வெடித்துச் சடசடவென்று விதை விழுந்தது. பிரின்ஸ் துள்ளிப் பக்கவாட்டில் பாய்ந்தது. பையன் வலப்பக்கமாகச் சாய்ந்தான். தாய் போனைப் போட்டுவிட்டு அலறினாள். எனக்கு அந்த விழுகை தெரியும். அது என்னுடைய வியாழக்கிழமை விழுகை, அப்படியே.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் மாத்தயாவின் பக்கமே இருந்தது. வலது கை மட்டும் பையனின் காலைக் கீழே இழுத்தது, கயிற்றை விட்ட இடது கை இடுப்பைப் பற்றியது, பையன் சேணத்தில் நடுவாக உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் அப்பா தலையைத் திருப்பினார். பையனுக்கு நடந்தது என்னவென்றே தெரியவில்லை, இன்னொரு தடவை அப்படிச் செய்யச் சொன்னான்.

"பார்க்காமலே பிடித்தானே!" என்று மாத்தயா விறாந்தையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். பேரனின் தாய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலை அந்த இடத்திலேயே நிரந்தரமாயிற்று. அதன் பிறகு பங்களாவுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் மாத்தயா இந்தக் கதையைச் சொல்வார். எங்கள் ஆளுக்குத் தலைக்குப் பின்னாலும் கண் இருக்கிறது, பயப்படாமல் பிள்ளையைக் கொடுங்கள் என்பார்.

பதினைந்து நாள் விழுந்த என்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பையனுக்கு ஒரு முழுச் சொக்லட் கிடைத்தது. நான் அப்பாவிடம் போய், "என் சுத்து?" என்றேன். நாளைக்கு என்றார். மறுநாள் கேட்டால், இனி அது விருந்தாளிகளின் குதிரை, மாத்தயா கோபிப்பார், இப்போதுதானே வேலை கிடைத்தது, கொஞ்சம் பொறு என்றார். பொறுத்தேன். பிரின்ஸ் கிழடாகி, நுவரெலியாவுக்கே திரும்பிப் போகும்வரை பொறுத்தேன். அந்த ஒரு சுற்று எனக்கு வரவே இல்லை. வளர்ந்து, கல்யாணமாகி, அவிசாவளைக்கு வந்த பிறகும், அப்பாவோடு எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் நான் அந்தச் சுற்றில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

போன வருடம் அவருடைய இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது. படியில் தடுமாறுகிறார் என்று அம்மா சொன்னதால் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் ஒரு சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் பேசினார். அப்பாவின் இடது கண்ணை மூடி, எத்தனை விரல் தெரிகிறது என்று கேட்டார். "மூணு," என்றார் அப்பா, கொஞ்சமும் யோசிக்காமல். டொக்டர் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

வலது கண் எத்தனை நாளாக இப்படி என்று டொக்டர் கேட்டார். இப்போதுதான், இரண்டு மாசமா என்றார் அப்பா. அம்மாவுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்.

"இன்னமும் பொய் சொல்லாதீங்க! ரப்பர் ஸ்டோர்ல பால் ஒறைய ஊத்துற அசிட் கண்ணுல தெறிச்ச அன்னைக்கே போயிருச்சு டொக்டர். அந்தக் குதிர வர்றதுக்கு முந்தின மழைக்கே."

நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடியே பின்னுக்கு, அந்தப் பதினைந்து நாளுக்குப் போனேன். ஒற்றைக் கண்ணால் சீவினால் கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று எப்படித் தெரியும்? குதிரைக்கு இடப்பக்கம் நடந்தால் பிள்ளை இருப்பது வலது கண்ணின் பக்கம். மூன்று நாள் வலப்பக்கம் போய் நின்றது அதனால்தான். வேறு வழியில்லாமல் இடப்பக்கம் வந்த பிறகு, நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு, கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து நான் வெடித்தேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் இப்படி ஏமாற்றி ஏற்றியிருக்கிறீர்களே, ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு புள்ளையாவது கீழ விழுந்துச்சா?" என்றார்.

"நான் விழுந்தேன்."

"நீ நம்ம புள்ள."

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "சரி, ஊருக்குச் சொல்ல வேணாம். என்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அப்பா. நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்ததால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

"சொல்லியிருந்தா நீ பாவம் பாத்து மெதுவா விழுந்திருப்ப பாப்பா," என்றார். "நீ என் மேல கோவத்துல விழுந்ததுனாலதான் இந்தக் கை படிச்சிச்சு."

அவரைத் தண்டிப்பதாக நினைத்து நான் விழுந்த அந்த விழுகைகளால்தான் அவ்வளவு வருடமும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது என்று ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு சுற்று. அதை அவர் இன்னும் தரவில்லை.